இரண்டு சராசரிகளுக்கு நடுவே

 

ஒரு கணக்கு நீதிமன்றப் படி ஏறிய வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன். 2011ஆம் ஆண்டு க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் இரண்டு பாடத்திட்டங்கள் இருந்தன. முதல் தடவை எழுதியவர்களுக்குப் புதிய பாடத்திட்டம்; முன்னரே எழுதிவிட்டு மீண்டும் எழுதியவர்களுக்குப் பழைய பாடத்திட்டம். வினாத்தாள்களும் வேறு. ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்குரிய இசட் புள்ளியைக் கணித்தபோது இரு சாராரையும் ஒன்றுசேர்த்துக் கணித்தார்கள். டிசம்பர் கடைசியில் பெறுபேறு வந்தது. மாணவர்கள் அடிப்படை உரிமை மனுக்களோடு உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2012 ஜூனில் தீர்ப்பு வந்தது: இவர்கள் இரண்டு வெவ்வேறு குடித்தொகைகள், இசட் புள்ளியைத் தனித்தனியே கணிக்க வேண்டும்.

இரண்டு கூட்டங்களை ஒரே கூட்டமாக எடுத்துக்கொள்ளலாமா, கூடாதா என்பதை ஒரு நாட்டின் அதியுயர் நீதிமன்றம் தீர்த்துவைத்தது. சராசரிகளை ஒப்பிடும் ஒவ்வொரு புள்ளிவிபரவியல் சோதனையும் கேட்பது இதே கேள்வியைத்தான். அந்தக் கேள்வியை நாம் எல்லோரும் ஒழுங்காகக் கேட்கப் பழக வேண்டும் என்பதே இன்றைய என் பேச்சு. பரீட்சைப் பெறுபேறும் அனுமதி வெட்டுப்புள்ளியும் நம் பிள்ளைகளின் தலைவிதியைத் தீர்மானிக்கும் நாட்டில், இந்த அறிவு கணிதப் பிரிவு மாணவருக்கு மட்டும் உரியதாக இருக்கக் கூடாது.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். ஒரு பாடசாலையில் பதினொன்றாம் ஆண்டில் இரண்டு வகுப்புகள். ஒவ்வொன்றிலும் 20 பிள்ளைகள். தவணைப் பரீட்சையில் ஒரு வகுப்பின் கணிதச் சராசரி 52, மற்றதன் சராசரி 46. ஆறு புள்ளி வித்தியாசம். பெற்றோர் கூட்டத்தில் இரண்டாம் வகுப்பின் ஆசிரியர் தலைகுனிந்து நிற்க வேண்டியதாகிறது. இது நியாயமா? அதற்குப் பதில் சொல்ல இன்னொரு எண் வேண்டும்: ஒரு வகுப்புக்குள்ளேயே பிள்ளைகளின் புள்ளிகள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பது. அதைத்தான் நியம விலகல் என்கிறோம். இரு வகுப்பிலும் நியம விலகல் 15 என்று வைத்துக்கொள்வோம். இருபது இருபதாகப் பிள்ளைகளை எடுத்தால், உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாத இடத்திலும் சராசரிகள் தற்செயலாக விலகி நிற்கும். அந்தத் தற்செயல் விலகலின் வழக்கமான அளவு ஏறத்தாழ 4.7. நம்மிடம் இருக்கும் வித்தியாசம் 6. அதாவது தற்செயலின் ஒன்றேகால் மடங்கு. அது இரண்டு மடங்கைத் தாண்டினால்தான் புள்ளிவிபரவியலாளர் நிமிர்ந்து உட்காருவார். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு அந்த ஆசிரியரைக் குறை சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை.

வித்தியாசத்தைத் தற்செயல் விலகலின் வழக்கமான அளவால் வகுப்பதுதான் டி-சோதனை. டப்ளின் நகரில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலைபார்த்த வில்லியம் கொசெட் 1908இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் எழுதிய கட்டுரையிலிருந்து இது பிறந்தது. குறைந்த எண்ணிக்கையிலான பரிசோதனைகளை வைத்துக்கொண்டு எவ்வளவு துணிந்து பேசலாம் என்பதே அவருடைய கவலை. பார்லியும் ஹொப்ஸும் வாங்கும் ஆலையில் ஆயிரம் மாதிரிகளுக்கு எங்கே போவது?

ஆனால் இந்த முறை விளைநிலத்தில் வேரூன்றியது இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில். 1919இல் அங்கே சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர் மாறற்றிறன் பகுப்பாய்வை உருவாக்கினார். 1925இல் ஆராய்ச்சியாளர்களுக்கான கைந்நூலை எழுதினார். அவரோடு அங்கே வேலை செய்தவர்களில் ஒருவர் தொமஸ் ஈடன். பயிர் விளைச்சலின் வேறுபாடுகள் பற்றி ஃபிஷரும் ஈடனும் சேர்ந்து 1927இலும் 1929இலும் எழுதியிருக்கிறார்கள். அந்த ஈடன்தான் பிறகு நம் மலைநாட்டுக்கு வந்து, தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தில் வேலை பார்த்தவர். ஆகவே புள்ளிவிபரவியல் பரிசோதனை முறை நமக்குப் புத்தகத்தில் வந்து சேர்ந்த பிறநாட்டுச் சரக்கு அல்ல. அதன் தொடக்ககாலப் பரிசோதனைகளிலேயே நம் மலைகளின் கொழுந்து நிறுக்கப்பட்டது. நம் பாட்டிமார் பறித்த கொழுந்து அது.

தேயிலை மலையில் ஒரு உரம் நல்லதா என்று கண்டுபிடிப்பது எவ்வளவு சிரமம் என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். மேட்டுத் துண்டில் மண் மெலிந்திருக்கும். பள்ளத்தில் மண் திரண்டிருக்கும். ஒரு பக்கம் காலை வெயில், மறுபக்கம் மாலை வரை பனி. அந்தக் காலத் தேயிலை விதையிலிருந்து வளர்ந்தது, ஆகவே அடுத்தடுத்த இரண்டு செடிகளே ஒன்றுபோல் இரா. கவ்வாத்து வெட்டி எத்தனை மாதம் ஆயிற்று என்பதைப் பொறுத்தும் விளைச்சல் மாறும். இவ்வளவு சிதறலுக்கு நடுவில் உரத்தின் சிறிய பயனை எப்படிக் காண்பது?

ஈடன் 1931இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பரிசோதனைப் பிழையைப் பற்றியதே. நான் ஒரு கற்பனைக் கணக்கால் அதன் உட்பொருளைக் காட்டுகிறேன். மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். ஆறு மலைகளில் ஒவ்வொன்றிலும் அருகருகே இரண்டு துண்டுகள். ஒன்றுக்குப் பழைய உரம், மற்றதற்குப் புதிய உரம். எந்தத் துண்டுக்கு எது என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானித்தோம். கொழுந்தின் நிறை கிலோவில் வருகிறது. பழைய உரம்: 52, 47, 60, 44, 55, 48. புதிய உரம்: 58, 49, 63, 50, 57, 53. சராசரிகள் 51, 55. வித்தியாசம் 4 கிலோ.

மலைகளை மறந்துவிட்டு, ஆறு துண்டு ஒரு பக்கம், ஆறு துண்டு மறுபக்கம் என்று டி-சோதனை செய்தால் விடை 1.24. வழக்கமான 5 சதவீத எல்லைக்கு 2.23 வேண்டும். புதிய உரத்தால் பயன் என்று சொல்ல ஆதாரம் போதாது. இப்போது அதே எண்களை மலை மலையாகப் பாருங்கள். வித்தியாசங்கள் 6, 2, 3, 6, 2, 5. ஆறு மலையிலும் புதிய உரமே மேல். இணைத்துச் செய்யும் சோதனையில் விடை 5.16. தேவையான எல்லை 2.57. ஆதாரம் பலமானது. ஒரு எண்கூட மாறவில்லை. மலைக்கு மலை இருந்த வேறுபாட்டை ஒதுக்கிவைத்தோம், அவ்வளவுதான். எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதிலேயே பாதி அறிவியல் இருக்கிறது. அருகிலிருப்பதை அருகிலிருப்பதோடுதான் ஒப்பிட வேண்டும்.

ஈடன் இன்னொரு படி போனார். பரிசோதனை தொடங்குமுன் அந்தத் துண்டுகள் எவ்வளவு கொழுந்து தந்தன என்ற பழைய கணக்கையும் எடுத்து, அதைக் கொண்டு பிந்திய விளைச்சலைத் திருத்தினால் பிழை வெகுவாகக் குறையும். இணைமாறற்றிறன் பகுப்பாய்வு என்று இன்று பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்படும் இந்த முறையை விளக்க ஃபிஷர் தம் கைந்நூலின் பிற்பதிப்பில் எடுத்தாண்டது ஈடனின் தேயிலைத் துண்டுகளின் விளைச்சலைத்தான்.

இங்கே சீட்டுக் குலுக்கலைப் பற்றி ஒரு வார்த்தை அழுத்திச் சொல்ல வேண்டும். எழுமாறாகப் பிரிப்பது என்பது சோம்பேறித்தனம் அல்ல. நல்ல துண்டைத் தமக்குப் பிடித்த உரத்துக்கு ஒதுக்கும் மனச்சாய்வை அது தடுக்கிறது. அதைவிட முக்கியமாக, கணக்குக்கே அது அடித்தளம். 1933இல் ஈடனும் பிராங்க் யேட்ஸும் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். கோதுமைச் செடிகளின் உயர அளவுகளை எடுத்து, பரிகரிப்புகளை எழுமாறாக மாற்றி மாற்றி இட்டு, ஆயிரம் பொய்ப் பரிசோதனைகளை உண்டாக்கினார்கள். உண்மையில் வேறுபாடே இல்லாதபோது ஃபிஷரின் சோதனை எத்தனை தடவை பொய்யாக எச்சரிக்கும் என்று எண்ணினார்கள். அளவுகள் மணிவடிவப் பரம்பலைப் பின்பற்றாதபோதும் சோதனை சொன்ன விகிதம் ஏறத்தாழச் சரியாக வந்தது. கணினி இல்லாத காலத்தில் கையால் செய்த வேலை அது. இன்று இதே வேலையைக் கணினியில் சில நொடிகளில் செய்யலாம். உயர்தர மாணவர் எவரும் செய்து பார்க்கலாம். செய்து பாருங்கள். ஒரு சோதனை எதைச் சொல்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அது சொல்வது இவ்வளவே: வேறுபாடு இல்லை என்று வைத்துக்கொண்டால், இப்படியான வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு? அந்த வாய்ப்பு சிறியதென்றால், வேறுபாடு இல்லை என்ற கருதுகோளைச் சந்தேகிக்கிறோம். உரம் நல்லது என்பதற்கான நிகழ்தகவை அது சொல்வதில்லை. வித்தியாசம் பெரியது என்றோ முக்கியமானது என்றோ சொல்வதில்லை. ஒவ்வொன்றிலும் 50,000 பேர் கொண்ட இரண்டு கூட்டங்களில், நியம விலகல் 15 ஆக இருக்கும்போது, அரைப் புள்ளி வித்தியாசம்கூட எல்லையை வெகுதூரம் தாண்டிவிடும். அந்த அரைப் புள்ளியால் யாருக்கு என்ன? மறுபுறம், இருபது சோடிப் பாடசாலைகளை ஒப்பிட்டால், ஒன்றிலும் உண்மை வேறுபாடு இல்லாவிட்டாலும் சராசரியாக ஒன்று ‘முனைப்பானது’ என்று வரும். அமெரிக்கப் புள்ளிவிபரவியல் சங்கம் 2016இல் இதைப் பற்றி அறிக்கையே வெளியிட்டது. ஒரு முடிவை 5 சதவீத எல்லையைத் தாண்டியது, தாண்டவில்லை என்பதை மட்டும் வைத்து எடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். 

இனி மண்ணிலிருந்து மனிதருக்கு வருவோம். துண்டுகளைச் சீட்டுப் போட்டுப் பிரிக்கலாம். பிள்ளைகளைச் சீட்டுப் போட்டுத் தமிழ்மொழி மூலம், சிங்களமொழி மூலம் என்றோ, நகரம், தோட்டம் என்றோ பிரிக்க முடியாது. அவர்கள் பிறக்கும்போதே பிரிந்துவிடுகிறார்கள். ஆகவே மனிதக் கூட்டங்களின் சராசரிகள் வேறுபடும்போது, வேறுபாடு உண்டு என்று சோதனை சொல்லும். ஏன் என்று சொல்லாது.

இசட் புள்ளி 2001 முதல் நம் நாட்டில் பல்கலைக்கழக அனுமதிக்குப் பயன்படுகிறது. அதை வகுத்ததில் பேராதனைப் பல்கலைக்கழக விவசாய பீடப் பேராசிரியர் ஆர். ஓ. தட்டிலின் பெயர் முதன்மையானது. ஒரு பாடத்தில் ஒரு மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் இடையை, அதாவது சராசரியை, கழித்து, நியம விலகலால் வகுத்தால் வருவது இசட் புள்ளி. ஒரு பாடத்தின் வினாத்தாள் கடினம், இன்னொன்று இலகு. ஒன்றின் 60ஐ மற்றதன் 60ஓடு நேராகக் கூட்டக் கூடாது. அந்த வகையில் இது நேர்மையான முறை. ஆனால் அதற்குள் ஒரு எடுகோள் ஒளிந்திருக்கிறது: பாடத்துக்குப் பாடம் எழுதியவர்களின் சராசரித் திறமை சமம் என்பது. சராசரிகள் வேறுபட்டால் அது வினாத்தாளின் குற்றமே தவிர, எழுதியவர்களின் வேறுபாடு அல்ல என்று இசட் புள்ளி முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. டி-சோதனை கேள்வி கேட்கிறது. நியமப்படுத்தல் பதிலை எழுதிவிட்டே தொடங்குகிறது.

2011ஆம் ஆண்டின் சிக்கலை இப்போது சிறு கணக்கால் பார்க்கலாம். இவை நான் எடுத்துக்கொண்ட எண்கள். புதிய வினாத்தாளின் இடை 40, பழையதன் இடை 55, இரண்டிலும் நியம விலகல் 15, எழுதியோர் தொகை சமம். புதியதில் 60 எடுத்த பிள்ளைக்குத் தனித்தனிக் கணக்கில் 1.33. பழையதில் 70 எடுத்த பிள்ளைக்கு 1.00. முதலாமவர் முந்துகிறார். இரு சாராரையும் ஒன்றாகக் கலந்தால் இடை 47.5, நியம விலகல் ஏறத்தாழ 16.8. இப்போது முதலாமவருக்கு 0.75, இரண்டாமவருக்கு 1.34. வரிசை தலைகீழாகிறது. மருத்துவ பீடத்துக்கு ஒரு தசமத்தின் சில இலக்கங்களால் இடம் கிடைக்கும், போகும் நாட்டில் இது சாதாரண விடயமா?

நீதிமன்றம் சொன்னது சரி என்பது என் முடிவு. வினாத்தாள்களே வேறு என்னும்போது அவற்றைக் கலப்பது அளவுகோல்களைக் கலப்பதாகும். ஆனால் தனித்தனியே கணித்ததாலும் முழு உண்மை கிடைத்துவிடவில்லை. முதல் தடவை எழுதியவர்களும் மீண்டும் எழுதியவர்களும் சராசரித் திறமையில் சமம் என்று அது கொள்கிறது. மீண்டும் எழுதுபவர் கூடுதலாகப் படித்தவராகவும் இருக்கலாம். முன்னைய ஆண்டில் சிறந்தவர்கள் உள்ளே போனபின் மிஞ்சியவராகவும் இருக்கலாம். வினாத்தாளின் விளைவும் மாணவரின் விளைவும் பின்னிக் கிடக்கும் இடத்தில், எந்தச் சூத்திரமும் அவற்றைப் பிரித்துத் தராது. இரு சாராருக்கும் பொதுவான சில வினாக்கள் வைத்திருந்தால் பிரித்திருக்கலாம். அதைப் பரீட்சைக்கு முன்பு யோசித்திருக்க வேண்டும்.

வினாத்தாளின் விளைவுக்கும் மாணவரின் விளைவுக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தமிழ் பேசும் மக்களுக்குத் தரப்படுத்தல் என்ற சொல் ஆறாத புண். 1971 அனுமதியில் மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு வெட்டுப்புள்ளி 250, சிங்களமொழி மூல மாணவருக்கு 229. பொறியியலுக்கு 250, 227. தமிழ்மொழிப் பரீட்சகர்கள் தாராளமாகப் புள்ளி இட்டார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது, அது நிரூபிக்கப்படவில்லை. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு சேர்ந்தது. 1973இன் கணக்கும் 2012இன் கணக்கும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும்: இரண்டிலும் கூட்டங்களைத் தனித்தனியே ஒரே அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். ஆனால் 2011இல் வினாத்தாள்கள் வேறு. 1973இல் ஒரே பரீட்சை, மொழி மட்டும் வேறு. 2011இல் நியமப்படுத்தல் வினாத்தாளின் கோணலை நீக்கியது. 1973இல் பிள்ளைகள் உழைத்துப் பெற்ற புள்ளியையே நீக்கியது. சூத்திரம் ஒன்றாக இருப்பதால் நியாயமும் ஒன்றாகிவிடாது. பின்தங்கிய மாவட்டப் பிள்ளைகளுக்குக் கைகொடுக்க வேண்டும் என்றால், அதை ஒதுக்கீடு என்ற பெயரோடு, விகிதத்தைச் சொல்லி, வெளிப்படையாகச் செய்யலாம். 40 சதவீதம் திறமை, 55 சதவீதம் மாவட்டம், 5 சதவீதம் வசதி குறைந்த மாவட்டங்கள் என்ற விகிதம் விவாதிக்கக்கூடியது. ஆனால் கண்ணுக்குத் தெரிவது. சராசரிகளைச் சமமாக்கும் கணக்குக்குள் கொள்கையை ஒளித்துவைப்பதே தவறு.

நம் பக்கத்துத் தோட்டங்களை நினைத்து ஒன்றைச் சேர்க்கிறேன். 2016ஆம் ஆண்டு குடும்ப வருமான, செலவின ஆய்வின்படி இலங்கைக் குடும்பமொன்றின் மாதச் சராசரி வருமானம் 62,237 ரூபா. தோட்டப்புறத்தில் அது 34,804 ரூபா. இந்த வித்தியாசம் தற்செயலா என்று எந்தச் சோதனையும் செய்யத் தேவையில்லை. அது தற்செயல் அல்ல. கேட்க வேண்டியது காரணத்தைத்தான். அதே ஆய்வில் நாட்டின் இடைய வருமானம், அதாவது நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம், 43,511 ரூபா. சராசரியைவிட ஏறத்தாழ 19,000 ரூபா குறைவு. மேல்தட்டின் பெரும் வருமானம் சராசரியை மேலே இழுத்துவைத்திருக்கிறது. நாட்டின் சராசரி இவ்வளவு என்று யாராவது மேடையில் சொன்னால், நாட்டில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் அதற்குக் கீழே இருக்கின்றன என்பதை நீங்கள் உடனே எழுந்து சொல்ல வேண்டும்.

தோட்டத்தில் பறிக்கும் கொழுந்தின் சராசரியும் அப்படித்தான். ஒரு மலையில் பறிப்பவர்களின் சராசரி இன்னொரு மலையைவிடக் குறைவு என்றால், முதலில் கேட்க வேண்டியது மலையின் நிலை, கவ்வாத்தின் வயது, கடைசியாகக் கொழுந்து பறித்த ரவுண்டு எப்போது என்பவை. அந்த மூன்றையும் கேட்காமல் பெண்களின் பேரில் கை வைப்பது கணக்கின்படியும் தவறு, நியாயத்தின்படியும் தவறு. ஈடனின் காலத்தில் உரத்தைச் சோதிக்கும்போது துண்டுகளுக்குக் கொடுத்த அந்தக் கவனத்தை, கொழுந்து பறிப்பவருக்கும் கொடுக்க வேண்டும்.

கண்டி, மாத்தளைப் பகுதிப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அடுத்த தவணைப் பெறுபேற்று அறிக்கையில் வகுப்புச் சராசரிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு எண்களை எழுதுங்கள்: பரீட்சை எழுதிய பிள்ளைகளின் தொகை, நியம விலகல். கணிப்பதை உயர்தர வகுப்பு மாணவர்களிடம் கொடுங்கள். அவர்களுக்கு அது பாடமும் ஆகும். முந்திய ஆண்டில் அதே பிள்ளைகள் பெற்ற புள்ளியையும் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். அதுவரை இரண்டு வகுப்புகளின் சராசரிகளைப் பெற்றோர் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டாதீர்கள்.